பச்சை ஷெவெலின் வலது மட்கார்டு

இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருடத்து இலையுதிர் காலத்திலா, அதற்கு அடுத்த வருடத்திலா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேப்பிள் இலைகள் சிவந்திருந்ததாக எனக்கு நினைவு. கஸ் பெட்ராகிஸோ, அன்று முதல் பனி விழுந்தது என்று அடித்துச் சொல்வார். கஸ் ஒரு கதையை இரண்டு முறை ஒரே மாதிரி சொன்னதில்லை. ஹோமர் டால்பெர்க் ஒரு முறைகூட முழுதாகச் சொன்னதில்லை. இருவருக்கும் நடுவில் நின்று பொறுக்கிச் சேர்த்தது இது. காரைப் பற்றி நான் சொல்வதை மட்டும் சந்தேகமில்லாமல் நம்பலாம். அந்தப் பச்சை ஷெவெலை எங்கள் ஊரில் எல்லோரையும் போல நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

டால்பெர்க், சாகினா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் ஓய்வு பெற்று வாழ்ந்துகொண்டிருந்தவர். உயரமான, மெலிந்த மனிதர். வேலையில் இருந்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து, எது எதில் மோதியது, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கேட்டால் அவரிடமிருந்து பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். கஸ் அதற்கு நேர்மாறு. குள்ளமான, பருத்த, எதற்கும் துடிக்கிற கிரேக்கர். அவருடைய ஷெட்டில் ஒரு பாரகூடா பல வருடங்களாகச் சக்கரமில்லாமல் நின்றது. அது எப்போதும் அடுத்த வசந்தத்தில் ஓடப்போகிற கார். டால்பெர்க் மாலை நேரங்களில் அங்கே வந்து, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, கஸ் வேலை செய்வதைப் பார்ப்பார். கஸ் வேலை செய்வதாகப் பேசுவதைப் பார்ப்பார் என்று சொல்வதுதான் சரி.

அப்படி ஒரு மாலையில்தான் மார்லீன் கோவாக் தன் மஞ்சள் பள்ளிப் பேருந்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய, உயரம் குறைந்த பெண். பேருந்தில் அவள் உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நெற்றி மட்டும்தான் தெரியும்.

"ஹோமர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"நான் எப்ப சிரிச்சேன்?"

"தொண்ணூத்திரெண்டுல ஒரு தடவ," என்றார் கஸ். "நான் கண்ணால பாத்தேன்."

மார்லீன் சிரிக்கவில்லை. "நான் சனி, ஞாயிறு டொலீடோவுக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்துல யாரோ என் ஷெட்டுக்குள்ள வந்திருக்காங்க. எதையும் எடுக்கல. என் காரை, போறதுக்கு முன்னாடி இருந்ததவிட நல்லா ஆக்கி வச்சிட்டுப் போயிருக்காங்க."

கஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அப்படிப்பட்ட திருடனுக்குத் தன் ஷெட்டின் முகவரியையும் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டதாக அவரே பின்னால் என்னிடம் சொன்னார். டால்பெர்க் தான் உட்கார்ந்திருந்த வாளியை மார்லீனின் பக்கம் தள்ளினார்.

அவள் சொன்னதில் பாதி ஊருக்கே தெரிந்த கதை. அந்த எழுபதாம் வருட ஷெவெல் அவளுடைய அண்ணன் டேலுடையது. இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வாங்கிய சம்பளத்தில் புதிதாக வாங்கினான். அடர் பச்சை, பானெட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள், தெருக்கோடியில் கிளப்பினால் சமையலறைக் கண்ணாடி அதிரும் எஞ்சின். அந்த வருடம் நவம்பரில் லாய்ட் பீசன் என்ற பவுண்டரித் தொழிலாளி, இரண்டாவது ஷிப்ட் முடிந்து மில் ரோட்டில் நடந்து வீடு திரும்பும்போது ஏதோ ஒரு கார் அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. காலையில் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். பெரிய எஞ்சின் சத்தம் ஒன்று போனதைக் கேட்டதாக அந்த ரோட்டில் ஒருவர் சொன்னார். ஊரில் அப்படிச் சத்தம் போடும் கார்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சில நாள் கழித்து ஷெரிஃபின் ஆள் வந்து, கொட்டகையில் நின்ற ஷெவெலைச் சுற்றிப் பார்த்து, ஒரு நசுங்கலும் இல்லை என்று போய்விட்டார். ஆனால் அந்த மாதமே டேல் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். அடுத்த கோடையில் வியட்நாமில் செத்தான். குற்றம் செய்யாதவன் எதற்குப் போருக்கு ஓட வேண்டும் என்று ஊர் பேசியது. இன்னமும் பேசுகிறது.

"அன்னிக்கு ராத்திரி அவனுக்குக் காய்ச்சல், ஹோமர். படுத்த படுக்கையா கெடந்தான். அந்த வாரம் பூரா கெடந்தான். நான் பாத்தேன். பதிமூணு வயசுப் பொண்ணு சொன்னா யாரு கேக்குறா?"

அம்மா இர்மா அந்தக் கொட்டகையைப் பூட்டிவிட்டாள். காரை விற்கவும் இல்லை, யாரையும் தொடவிடவும் இல்லை. அவள் இறந்த பிறகுதான் மார்லீன் பூட்டை உடைத்தாள். அதுதான் இப்போது அவளுடைய ஷெட். டேலின் உயிர் நண்பன் வெர்ன் டில்மன் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தான். அவன் ஒரு காசு வாங்காமல் ஞாயிறுதோறும் வந்து எஞ்சினையும் பிரேக்கையும் சரிசெய்து கொடுத்தான். பெயிண்டை மட்டும் மார்லீன் தொடவிடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற பழைய கார் கண்காட்சியில் அசல் பிரிவு ஒன்று உண்டு. நடுவர்கள் காந்தமும் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியும் கொண்டு ஒவ்வொரு தகடாகச் சோதித்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, எங்கேயும் அடிபட்டதில்லை என்று சொல்வார்கள். அப்படிச் சொன்ன அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, போருக்குப் போனவர்களுக்கான வீரர்கள் தின ஊர்வலத்தில் மெயின் ஸ்ட்ரீட் நெடுக அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவளுக்கு அது போதும்.

"ஊர் நம்ப வேண்டாம். படிக்கட்டும். அது போதும்," என்றாள். "இப்ப வலது முன் மட்கார்டு டேலோடது இல்ல. யாரோ மாத்திட்டாங்க. அதே பச்சை, அதே மங்கல். ஆனா அவனோடது இல்ல."

"எப்படித் தெரியும்?" என்றார் டால்பெர்க்.

"அவன் பீர் பாட்டில வைக்கிற எடம் ஒண்ணு உண்டு. பானெட் ஓரமா, பெறை நெலா மாதிரி ஒரு கீறல். சாய்ஞ்சு பாத்தாத்தான் தெரியும். அம்மா அதுக்காக அவனத் திட்டுனது என் காதுல இருக்கு. அந்தக் கீறல் இப்ப இல்ல."

மறுநாள் அவள் ஷெட்டுக்குப் போனார்கள். பூட்டு உடைந்திருக்கவில்லை, ஜன்னல் பெயர்ந்திருக்கவில்லை. சாவி அவளிடம் ஒன்று, வெர்னிடம் ஒன்று. டால்பெர்க் காரை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு பானெட்டின் இரு ஓரத்திலும் மட்கார்டோடு சேரும் இடத்துச் சந்துகளைக் குனிந்து பார்த்தார். இடது பக்கச் சந்து முன்னால் அகன்று, கண்ணாடிப் பக்கம் போகப் போகக் குறுகியது. வலது பக்கம் ஆரம்பம் முதல் கடைசி வரை நூல் பிடித்ததுபோல ஒரே அளவு. பிறகு டார்ச்சை வாங்கிக்கொண்டு முன் சக்கரங்களுக்கு மேலே தலையை நுழைத்தார். கஸ்ஸும் பொறுமையில்லாமல் நுழைத்து, நெற்றியை இடித்துக்கொண்டார். இடது மட்கார்டின் உட்புறத்தில் மண்ணால் கட்டிய குளவிக்கூடுகள், எத்தனையோ கோடைகளின் கூடுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தன. வலது மட்கார்டுக்குள் ஒன்றுகூட இல்லை.

"குளவி எல்லாம் இடதுசாரி போல," என்றார் கஸ்.

அப்போது வெர்ன் டோனட் பெட்டியோடு வந்தான். ஆறடிக்கு மேல், கதவை அடைக்கிற உடம்பு, எந்நேரமும் பட்டி மாவு ஒட்டியிருக்கும் புருவங்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியை மெதுவாக வைத்தான்.

"மெழுகு போட்டுத் தேச்சுத் தேச்சு அந்தக் கீறல் போயிருக்கும், குட்டி. நீ அந்தக் காருக்குக் குடுக்குற தேய்ப்பு, மனுசனுக்குக் குடுத்தா தோலு போயிரும்." பிறகு டால்பெர்க்கைப் பார்த்து, "மூணு வருசமா சொல்லிட்டிருக்கேன், மொத்தமாச் சொரண்டிட்டுப் புது பெயிண்ட் அடிச்சிரலாம்னு. கேட்டாத்தானே. இந்த அசல் பிரிவெல்லாம் வீண் வேலை," என்றான்.

டால்பெர்க் காரின் இடப்பக்கம் சுற்றிப் போனார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்காரப் பார்த்தார். முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது.

"அந்த சீட்டு நகராது," என்றாள் மார்லீன். "அடியில இருக்குற தண்டவாளம் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. வெர்ன் கழட்டி சரிபண்றேன்னான். நான் வேண்டாம்னுட்டேன். கொட்டகையத் தொறந்து மொத மொதல்ல உள்ள ஒக்காந்தப்ப, எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. டேல் எனக்காக வச்சிட்டுப் போன மாதிரி." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. புதிய ஷெவெலின் கூரைமேல், மேசைமேல் ஊன்றுவதுபோல, முழங்கையை ஊன்றி நிற்கும் டேல். பக்கத்தில் அவன் விலா உயரத்துக்கு அம்மா. காரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். டால்பெர்க் அதன் முன் நெடுநேரம் நின்றார். பிறகு, அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லேன் என்றார்.

மார்லீனுக்கு அம்மாவைப் பற்றிப் பேசப் பிடிக்கும். அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு, இர்மா பவுண்டரி கான்டீனில் இரண்டாவது ஷிப்ட் வேலை பார்த்து இருவரையும் வளர்த்தாள். டேல்தான் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவான். அவன் போன பிறகு அவள் ஸ்டியரிங்கையே தொடவில்லை. கண் மங்கிவிட்டது என்பாள். எங்கே போனாலும் நடைதான். குளிர்கால மாலைகளில் கண்ணாடிகூடப் போடாமல் பூவேலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிள் பை என்கிற பலகாரம் ஒன்று சுட்டு, லாய்ட் பீசனின் மனைவி ஆலிஸுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சாகிற வரைக்கும் நிறுத்தவில்லை. கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பதிலாக மார்லீனே கொண்டுபோனாள்.

"ஊரு பூரா எங்கண்ணன்தான்னு சொல்றப்ப, அந்த வீட்டுக்குள்ள தலை நிமிந்து போயிட்டு வந்தாங்க. தப்பு பண்ணவனோட அம்மாவுக்கு அந்தத் தைரியம் வருமா?"

வெர்ன் டோனட்டைக் கையில் வைத்தபடியே இருந்தான். தின்னவில்லை.

திரும்பும் வழியில் கஸ் தன் முடிவைச் சொன்னார். செய்தது ரே ஹாலிஸ்டர். பக்கத்து ஊரில் பழைய கார் வாங்கி விற்கும் ரே, அந்த ஷெவெலைக் கேட்டு மார்லீனை எத்தனையோ முறை நச்சரித்திருக்கிறான். மட்கார்டை மாற்றிவைத்தால் கண்காட்சியில் தோற்பாள். மனம் வெறுத்து அவனிடமே விற்றுவிடுவாள். கஸ்ஸுக்கு இது இவ்வளவு தெளிவாக இருந்ததால், ரேயின் வீட்டுக்கு வண்டியைத் திருப்பவும் பார்த்தார்.

"ரேயா இருந்தா, மாத்துனது கண்ணுக்குத் தெரியணும்னு நெனைப்பான்," என்றார் டால்பெர்க். "மோசமான ஒண்ணக் கொண்டாந்து மாட்டியிருப்பான். இவன் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனைச்சிருக்கான். நடுவருங்க காந்தத்துக்கே தெரியாத மாதிரி. அதே வருசம், அதே பச்சை, அதே அளவு வெயில் பட்ட மட்கார்டு. அது சந்தையில சும்மா கெடைக்குமா, கஸ்?"

கஸ் யோசித்தார். "வருசக்கணக்குல தேடணும். ஒவ்வொரு சந்தையா."

"அப்ப வருசக்கணக்குல பயந்த ஆள்."

 வீட்டு வாசல் வந்த பிறகும் டால்பெர்க் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இருட்டத் தொடங்கிய தெருவைப் பார்த்தபடி இருந்தார். கண்டுபிடித்துவிட்டாயா என்று கஸ் கேட்டதற்கு, "கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கக் கூடாது அவ," என்று மட்டும் சொன்னார். அன்றே வெர்னின் பட்டறைக்குப் போய் அவனிடம் தனியாகப் பேசியிருக்கலாம் என்று கஸ் இன்றும் சொல்வார். டால்பெர்க் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டது மார்லீன், பதில் அவளுக்குத்தான் சேர வேண்டும் என்று நினைத்திருக்கலாம். வேலையில் அவர் கடைப்பிடித்த முறை அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நால்வரும் மார்லீனின் ஷெட்டில் இருந்தார்கள். மார்லீன் காபி போட்டு வைத்திருந்தாள். யாரும் குடித்ததாக கஸ் சொல்லவில்லை.

டால்பெர்க் வழக்கமான நிதானத்தோடு ஆரம்பித்தார். மட்கார்டு மாற்றப்பட்டது உண்மை, குளவிகளே சாட்சி என்றார். பூட்டை உடைக்காமல் வந்தவனிடம் சாவி இருந்திருக்க வேண்டும். பிறகு சந்துகளைக் காட்டினார்.

"எழுபதுல எந்தக் கம்பெனியிலயும் நகந்துட்டே இருக்குற கார் வரிசையில நின்னு மாட்டுனவனுக்கு இந்தச் சந்து ஒரு கவலையா இருந்ததில்ல. ரெண்டு பக்கமும் கோணலாத்தான் வரும். மாட்டுன ஆளு புத்திசாலி. பழைய போல்ட்டையே போட்டு, ஸ்பானர் பட்ட எடத்துல பெயிண்ட் தொட்டு வச்சிருக்கான். தடயமே இல்லாம போகணும்னா அந்த எடைவெளியையும் கோணலா விட்டிருக்கணும். அது அவனுக்குத் தெரியும். ஆனா கை கேக்கல. வாழ்நாள் பூரா எடைவெளிய நேராக்கியே பழகுன கை." அவர் வெர்னைப் பார்க்கவில்லை. "வெர்ன், அசல் பெயிண்டச் சொரண்டுறவனப் பாத்தா நீ சண்டைக்குப் போவ. என் காதுபடவே எத்தனையோ பேரத் திட்டியிருக்க. இந்த ஒரு காரை மட்டும் மூணு வருசமா சொரண்டச் சொல்லிட்டிருந்த."

மார்லீன் சிரித்துவிட்டாள். "வெர்னா? ஹோமர், அவன் என் அண்ணன் மாதிரி."

"அதனாலதான்," என்றார் டால்பெர்க். "வெர்ன், அத நீ ஒடைச்சுப் போட்டிருக்க மாட்ட. எழுபது மாடல் அசல் மட்கார்ட பழைய இரும்புக்கடைக்கு அனுப்ப உன்னால முடியாது. போயி எடுத்துட்டு வா."

வெர்ன் எழுந்தான். தன் லாரியில் ஏறிப் போனான். அவன் திரும்பி வரும் வரை ஷெட்டில் யாரும் பேசவில்லை. கஸ்கூடப் பேசவில்லை. அந்தச் சாயங்காலத்தில் தன்னால் தாங்க முடியாமல் போனது அந்த நேரம்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

வெர்ன் பழைய கம்பளியில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கைகளிலும் தூக்கி வந்தான். பட்டறையின் கூரைக் கழிகளுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கம்பளியை விரித்ததும் மார்லீன் சாய்ந்து பார்த்தாள். பிறைநிலாக் கீறல் இருந்தது. அதை விரலால் தொட்டாள்.

டால்பெர்க் சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து மட்கார்டின் மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது. மெல்ல முன்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, பிடியில்லாமல் நழுவித் தரையில் விழுந்தது. அந்த இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இரும்புக்கு மேலே ஈயம் இருந்தது. நசுங்கலை ஈயம் ஊற்றி நிரப்பியிருந்தார்கள்.

"நான்தான் பண்ணேன்," என்றான் வெர்ன். "அப்ப எனக்கு இருபது வயசு. எங்கப்பாவோட பட்டறையிலேர்ந்து சாமான எடுத்துட்டு வந்து, உங்க கொட்டகையிலயே வச்சுப் பண்ணேன். கார வெளிய எடுக்கவே இல்ல. நின்ன எடத்துலயே, ஒரு அங்குலம் நகத்தாம. நான் பண்ண வேலையிலேயே நல்ல வேலை அதுதான். ஷெரிஃப் ஆளு கையால தடவிப் பாத்துட்டுப் போனான்." அவன் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கெழமை காந்தத்த வச்சா தெரிஞ்சிரும். உனக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன், குட்டி. டேல்தான். அவன்தான் ஓட்டினான்."

"அவனுக்குக் காய்ச்சல்."

"நீ தூங்குனப்பறம் எந்திரிச்சுப் போனான்."

 இத்தனை வருடங்களாக ஊரோடு தனியாக வாதாடிய மார்லீன், இப்போது வாதாடவில்லை.  கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மட்கார்டை மாற்றியவன் ஒப்புக்கொண்டுவிட்டான். டால்பெர்க் அப்போதே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எடுத்தும்விட்டார் என்கிறார் கஸ். ஆனால் கிளம்பும்போது அவர் கண் ஒரு கணம் காரின் ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போயிற்று. மார்லீன் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஹோமர்."

"ஒண்ணுமில்ல, மார்லீன். அது போதும்."

அவள் காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். டேலிடம் விடைபெற நினைத்தாளோ என்னவோ. இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தாள். காலை நீட்டாமலே கிளட்ச் எட்டியது, பிரேக் எட்டியது. கண்ணாடி வழியாக, எதிர்ச் சுவரில், கூரைமேல் முழங்கையை ஊன்றி நிற்கும் டேல் தெரிந்தான். அவள் அப்படியே இருந்தாள். வெளியே யாரோ காய்ந்த இலைகளைக் கூட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெர்ன்," என்றாள் கடைசியில். "அந்த ராத்திரிக்கப்பறம் காரை நகத்தவே இல்லன்னுதான சொன்ன?"

வெர்ன் கம்பளியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"இந்த சீட்டும் நகந்ததில்ல. அப்ப டேல் தன் முட்டிய எங்க வச்சான்?"

வெர்ன் டால்பெர்க்கைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி கஸ் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார். அதில் கோபம் மட்டும் இல்லை என்பதில் எப்போதும் மாற்றமில்லை. பிறகு கம்பளியை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், நடந்ததைச் சொன்னான்.

அன்று டேலுக்கு எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். கான்டீன் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று இர்மா சாவியை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவ்வளவு பெரிய எஞ்சினை அவள் அதற்கு முன்னால் ஓட்டியதில்லை. வரும் வழியில் மழை. ஏதோ நாயோ மானோ என்று நினைத்ததாகத்தான் முதலில் சொன்னாள். காலையில் தெரிந்ததும் ஷெரிஃபிடம் போகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். டேல் கதவை மறித்து நின்றான். அப்பா இல்லை, நீயும் ஜெயிலுக்குப் போய்விட்டால் மார்லீனை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டான். அம்மா கோட்டைக் கழற்றினாள். ஊர் பேச ஆரம்பித்ததும் டேல் பட்டாளத்துக்குப் போனான். பேச்சு தன்னோடு போய்விடும் என்று நினைத்தான்.

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனான்," என்றான் வெர்ன். "திரும்பி வந்து என்ன விடுவிச்சிருப்பான். வரல."

மார்லீன் காரிலிருந்து இறங்கவில்லை. அவர்கள் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

டேல் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் இத்தனையும் செய்தாள். தெரிந்துகொண்டாள்.

அவள் கண்காட்சிக்குப் போகவில்லை. திங்கட்கிழமை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இறந்தவர்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆலிஸ் பீசனின் வீட்டுக்குப் போனாள். ஆலிஸ் குறுக்கிடாமல் முழுதும் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: அவர் உடனே போய்விட்டாரா, கொஞ்ச நேரம் கிடந்தாரா, உன் அம்மா ஏதாவது சொன்னாளா என்று. மார்லீனுக்கு அது தெரியவில்லை. ஆலிஸ் சமையலறைக்குப் போய், ஆப்பிள் பை வந்த தகரத் தட்டுகளைக் கழுவித் துடைத்த அடுக்காகக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டு வருடம் கழித்து ஆலிஸ் இறந்தாள். மார்லீன் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாள்.

வெர்ன் பழைய மட்கார்டைத் திரும்ப மாட்டிக் கொடுத்தான். இந்த முறை இடைவெளியைக் கோணலாகவே விட்டான். அதன் பிறகும் ஞாயிறுகளில் வந்தான், ஆனால் மார்லீன் அவனிடம் காரைப் பற்றி மட்டும்தான் பேசினாள். நுரையீரல் கெட்டு அவன் இறந்த பிறகு, பட்டறை இருந்த இடத்தில் டயர் கடை வந்தது. அவன் வருடக்கணக்கில் தேடிப் பிடித்த அந்த மட்கார்டு கஸ்ஸின் ஷெட் சுவரில் தொங்கியது. கஸ் பாரகூடாவை ஓட்டாமலே விற்றார். மட்கார்டு அதோடு போய்விட்டது.

டால்பெர்க் அதற்குப் பிறகு யாருக்காகவும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் இறப்பதற்கு முன் ஒரு முறை நான் பார்க்கப் போயிருந்தபோது, "அந்தக் கதவப் பாக்காம வந்திருக்கணும்," என்றார். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.

மார்லீன் இன்னும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஷெவெலை விற்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், வீரர்கள் தினத்தன்று, ஊர்வலத்தில் சேராமல் தனியாக அதை எடுத்துக்கொண்டு மில் ரோட்டில் போய்விட்டு வருகிறாள். சீட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.